ஜூன் மாதத்துக் கைக்காசு

பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தின் முதல் இரண்டு வாரங்களில் அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் சார்ட், பசை, சாக்பீஸ், ஸ்கெட்ச் பேனா, துடைப்பம், ஜெராக்ஸ் என்று தம் சம்பளத்திலிருந்து எடுத்துச் செய்யும் செலவுக்குப் பள்ளியில் பராமரிக்கப்படும் பதிவேடுகள் எதிலும் தலைப்பு கிடையாது. ஆசிரியர்களின் பேச்சில் மட்டும் அது 'கைக்காசு' என்ற பெயரில் உலவுகிறது. தலைமை ஆசிரியரின் மேசையில் இருக்கும் ரொக்கப் பதிவேடு பள்ளிக்கு வந்த பணத்தையும் போன பணத்தையும் காட்டுமேயன்றி, வராமலேயே போன பணத்தைக் காட்டாது. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் குருபரப்பள்ளி வட்டாரத்தை முன்வைத்துப் பார்த்தால், இச்செலவு எங்கிருந்து முளைக்கிறது, எதில் இட்டால் நிற்கிறது, எதில் இட்டால் கரைந்துபோகிறது என்பதில் அனுபவம் சில தெளிவான பாடங்களைத் தருகிறது.

இலவசமாக இவ்வளவு கொடுக்கும் மாநிலத்தில் ஆசிரியர் எதற்குக் கைக்காசு போட வேண்டும் என்று வெளியிலிருந்து பார்ப்பவர் கேட்பது இயல்பு. பாடநூல், நோட்டு, சீருடை, புத்தகப்பை, காலணி, கிரேயான், வண்ணப் பென்சில் ஆகியவை வகுப்புக்கேற்பக் குழந்தைகளுக்கு அரசாலேயே வழங்கப்படுகின்றன. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் மாநிலமெங்கும் விரிந்தபின், வெறும் வயிற்றோடு வரும் குழந்தைக்காக மேசை இழுப்பறையில் பிஸ்கட் பாக்கெட் வாங்கிவைக்கும் தேவையும் குறைந்துவிட்டது. ஆனால் இவை யாவும் குழந்தைக்குரிய பொருள்கள், அதாவது ஒரு பெயருக்கு எதிரே கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிடத் தக்கவை. வகுப்புக்குரிய பொருள் வேறு இனத்தைச் சேர்ந்தது. எல்லோருக்கும் பொதுவாகச் சுவரிலும் தரையிலும் மேசையிலும் கிடந்து, பயன்படப் பயன்படத் தீர்ந்துபோவது. கைக்காசு பெரும்பாலும் இந்த இரண்டாம் இனத்தில்தான் போகிறது. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் தன் அட்டவணையில், ஒவ்வொரு வகுப்புக்கும் தேவைக்கேற்பக் கற்றல் கற்பித்தல் உபகரணங்கள் தரப்பட வேண்டும் என்று விதித்திருக்கிறது. ஆகவே இது ஆசிரியரின் தரும காரியம் அன்று, சட்டப்படி வேறொருவர் தர வேண்டியதை அவர் முன்கூட்டித் தருவது என்பதை முதலிலேயே மனத்தில் கொள்வது நல்லது.

வேறொருவர் தருவது எவ்வளவு என்ற கணக்கு எளியது. முன்பு அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் காலத்தில், தொடக்கப் பள்ளிக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் பள்ளி மானியமும், ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் கற்பித்தல் துணைக்கருவிகளுக்கென்று 500 ரூபாயும் வந்தன. 2018-இல் அவ்வியக்கம் ஒருங்கிணைந்த கல்வித் திட்டமாகிய சமக்ர சிக்‌ஷாவுக்குள் அடங்கியபோது, மாணவர் எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்ட ஒருங்கிணைந்த பள்ளி மானியம் வந்தது. இப்போதைய விதிப்படி 30 பேர் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய், 31 முதல் 100 பேர் வரை 25,000 ரூபாய், 101 முதல் 250 வரை 50,000 ரூபாய். அதிலும் குறைந்தது பத்தில் ஒரு பங்கைத் தூய்மைப் பணிக்கு ஒதுக்க வேண்டும். இருபத்தெட்டுக் குழந்தைகள் படிக்கும் ஒரு சிற்றூர்ப் பள்ளிக்கு மிஞ்சும் 9,000 ரூபாயை, சட்டம் கூறும் 200 வேலை நாட்களால் வகுத்தால் நாளொன்றுக்கு 45 ரூபாய். சாக்பீஸ், பதிவேடு, உடைந்த தாழ்ப்பாள், குழாய் வாஷர், காகிதம் எல்லாம் இந்த 45 ரூபாய்க்குள் அடங்கியாக வேண்டும். சிறிய பள்ளிக்குச் சிறிய தொகை என்ற தர்க்கம் காகிதத்தில் சரியாகத் தோன்றினாலும், கரும்பலகையின் நீள அகலம் மாணவர் எண்ணிக்கையைப் பார்த்துக் குறைவதில்லை.

தொகையைக் காட்டிலும் அது வரும் காலமே பெரிய சிக்கல். செலவு ஜூனில் நேர்கிறது, மானியமோ கல்வியாண்டின் நடுவிலோ அதற்கும் பின்னரோதான் பள்ளிக் கணக்கை அடைகிறது. மேலும் இப்போது பணம் பொது நிதி மேலாண்மை அமைப்பு என்ற இணைய வழியில், பொருள் விற்றவரின் வங்கிக் கணக்குக்கே நேராகச் செல்ல வேண்டியிருப்பதால், ஜூனில் ரொக்கம் கொடுத்து வாங்கிய ஆசிரியர் பின்னர் பில்லை நீட்டி அதைத் திரும்பப் பெறுவது நடைமுறையில் ஆகாத காரியம். முறைகேட்டைத் தடுக்க வந்த நல்ல ஏற்பாடுதான். ஆனால் முன்பணம் போட்டவருக்கு அதில் வாசல் இல்லை. 2024-25-இல் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் சேரும் ஒப்பந்தம் தொடர்பான பிணக்கால், மத்திய அரசிடமிருந்து தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய சமக்ர சிக்‌ஷா நிதியாகிய 2,152 கோடி ரூபாய் நின்றுபோயிற்று; 2025 மே மாதத்தில் மாநில அரசு உச்ச நீதிமன்றத்தை நாடியது. பெரிய இடத்துப் பிணக்கு என்னவாயினும் ஜூனில் பள்ளி திறந்தாக வேண்டும். ஆகவே அனுபவமுள்ளோர் கண்ட முதல் வழி, பில் கொடுக்கக்கூடிய, வங்கிக் கணக்கு உள்ள கடைக்காரர் ஒருவரைக் கிருஷ்ணகிரியிலோ சூளகிரியிலோ முன்னதாகவே பழக்கப்படுத்திக்கொண்டு, தலைமை ஆசிரியரின் ஒப்புதலோடு பெரிய பொருள்களை மட்டும் மானியம் வரும்வரை தள்ளிவைப்பதும், கைக்காசைத் தள்ளிவைக்க முடியாதவற்றுக்கு மட்டும் காப்பதுமாகும்.

குருபரப்பள்ளி, கிருஷ்ணகிரிக்கும் சூளகிரிக்கும் இடையே 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர். ஒரு பக்கம் சிப்காட் தொழில் வளாகம், மறுபக்கம் மாந்தோப்பும் புளியமரமும், அருகே வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தைக்குப் பெயர்பெற்ற குந்தாரப்பள்ளி, வடக்கே வேப்பனப்பள்ளியைத் தாண்டினால் கர்நாடக, ஆந்திர எல்லை. இந்த அமைப்பு வகுப்பறைச் செலவின் தன்மையையே மாற்றிவிடுகிறது. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் குழந்தைகள் தமிழ்வழி வகுப்பில் அமர்கிறார்கள். ஆலை வேலைக்கும் கட்டட வேலைக்கும் வந்த ஒடிசா, பீகார்க் குடும்பங்களின் குழந்தைகள் ஆகஸ்டிலோ அக்டோபரிலோ, பொருள் வழங்கல் முடிந்த பிறகு, திடீரென்று வந்து சேர்கிறார்கள். அப்படி வரும் குழந்தையை அன்றே எமிஸ் என்ற கல்வி மேலாண்மைத் தகவல் தளத்தில் ஏற்றிவிட வேண்டும் என்பது வெறும் அலுவலக ஒழுங்கு அன்று. அந்த எண்ணிக்கையை வைத்தே அடுத்த வழங்கல் கணக்கிடப்படுவதால், இன்று ஏற்றப்படாத பெயர் நாளை ஆசிரியரின் கைக்காசில் வாங்கப்படும் நோட்டாகிறது.

எதையும் வாங்கும் முன் பீரோவைத் திறந்து பார்க்க வேண்டும் என்பது மிக எளிய பாடம். எனினும் பலரும் கடைசியில் கற்பது இதுவே. 1987-இல் தொடங்கிய கரும்பலகைத் திட்டத்தின் காலத்து உபகரணப் பெட்டி முதல், பின்னர் வந்த கணிதப் பெட்டி, ஆங்கில அட்டைகள், செயல்வழிக் கற்றலின் படி அட்டைகள் வரை, பல பள்ளிகளில் அரசு கொடுத்தவை பூட்டிய பீரோவுக்குள் புதுமை குலையாமல் இருக்கின்றன. அவை வெளியே வராததற்குக் காரணம் சோம்பல் என்று சொல்வது அநியாயம். இருப்புப் பதிவேட்டில் ஏறிய பொருள் உடைந்தால் தணிக்கையில் விடை சொல்ல வேண்டும் என்ற அச்சத்தால், நூறு மணிகளில் மூன்று காணாமற்போகும் என்று தெரிந்த ஆசிரியர், மணிச்சட்டத்தைப் பூட்டிவைத்துவிட்டுத் தம் காசில் வேறு மணி வாங்குகிறார். இதற்கு மருந்து, தீர்ந்துபோகும் நுகர்பொருளையும் நிலைத்திருக்கும் பொருளையும் பதிவேட்டில் தனித்தனியாக ஏற்றுவதும், உடைந்தவற்றை ஆண்டுக்கு ஒருமுறை பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானத்தோடும் அலுவலக ஒப்புதலோடும் கழித்துவிடுவதும்தான். பெற்றோர் பெரும்பான்மையாக இருக்கும் அக்குழு அதே கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் அமைவது. அதன் முன்னிலையில் கழிக்கப்பட்ட பொருளுக்காக ஒருவரும் ஆசிரியரைக் குறைசொல்லத் துணிவதில்லை.

கைக்காசு போட்டே தீர வேண்டுமானால் அது முதலில் போக வேண்டிய இடம் கரும்பலகை. இதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் பளபளக்கும் சுவர்ச் சார்ட் பத்தைவிட, எழுத்து தெளிவாகத் தெரியும் கரும்பலகை ஒன்று ஆண்டு முழுவதும் அதிகம் உழைக்கிறது. ஒரு காலத்தில் சனிக்கிழமை பிற்பகலில் கோவை இலையையோ ஊமத்தை இலையையோ அடுப்புக்கரியோடு சேர்த்து அரைத்துப் பலகையில் தேய்ப்பது பள்ளிகளில் மாணவர் வேலையாகவே இருந்தது. காசில்லாத முறை, எனினும் சில வாரங்களே நிற்கும், ஊமத்தை நஞ்சு என்பதால் குழந்தைகளின் கையில் கொடுக்கவும் கூடாது. இப்போது கரும்பலகைப் பெயிண்ட் டப்பா எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கிறது. பழைய பூச்சை உப்புத்தாளால் தேய்த்து, ஈரத்துணியால் தூசியை எடுத்து, நன்றாக உலர்ந்தபின் மெல்லிய பூச்சாக ஒருமுறையும், அது காய்ந்ததும் மறுமுறையும் அடிக்க வேண்டும். தடித்த பூச்சாக ஒரே முறை அடித்தால் பலகை கண்ணாடிபோல் மின்னி, சன்னல் பக்கத்துப் பிள்ளைக்கு எழுத்தே தெரியாது. முக்கியமானது அதற்குப் பிறகு வருகிறது: புதிய பலகையில் உடனே எழுதிவிடாமல், சாக்பீஸைப் படுக்கை வாட்டில் பிடித்துப் பலகை முழுவதும் வெள்ளையாகத் தேய்த்து, உலர்ந்த டஸ்டரால் ஒருமுறை துடைத்துவிட வேண்டும். இதைச் செய்யாமல் எழுதிய முதல் 'அ' பிறகு எத்தனை முறை அழித்தாலும் மங்கலாக அங்கேயே நிற்கும்.

இதே பெயிண்ட் டப்பாவில் மிச்சமிருப்பது சுவரின் அடிப்பகுதிக்கு. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-08-இல் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல் முறையில், குழந்தைகள் தரையில் அமர்ந்தே எழுதும்படி சுவரில் தாழ்நிலைக் கரும்பலகைகள் அமைக்கப்பட்டன. முறை மாறிவிட்டது, பலகைகள் பல பள்ளிகளில் வெளிறிய சாம்பல் பட்டையாக இன்னும் இருக்கின்றன. அவற்றுக்கு ஒரு பூச்சு கொடுத்துக் குழந்தைக்கு ஒரு கட்டம் பிரித்துவிட்டால், ஆண்டு முழுவதும் நோட்டுத்தாள் மிச்சமாகிறது.

2022 ஜூனில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தொடங்கப்பட்டு, அடுத்த கல்வியாண்டில் ஐந்தாம் வகுப்பு வரை நீண்ட எண்ணும் எழுத்தும் திட்டம், குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளாகப் பிரித்துக் கற்பிக்கச் சொல்கிறது. ஆசிரியர் கையேடும் பயிற்சி நூலும் அரசு தருகிறது. வகுப்பறையில் கதைக்கும் பாடலுக்கும் படிப்பதற்கும் தனித்தனிக் களங்கள் அமைத்து அவற்றை அட்டைகளாலும் பொம்மைகளாலும் நிரப்பும் வேலை ஆசிரியரின் கையில் விழுகிறது, அதோடு செலவும் விழுகிறது. இங்கு செய்யப்படும் பெருந்தவறு அனைத்தையும் லேமினேஷன் செய்வது. சுவரில் ஒட்டப்படுவதை யாரும் தொடுவதில்லை, எனவே அதற்கு லேமினேஷன் வீண்; கைக்குக் கை மாறும் அட்டைக்கே அது தேவை. அட்டைக்குக் கடைக்குப் போகவும் வேண்டியதில்லை. பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கமும், தினசரி காலண்டரின் முதுகு அட்டையும் சார்ட்டைவிடக் கனமானவை. தை, வைகாசி முகூர்த்தங்கள் முடிந்ததும் ஊரில் நான்கு வீடுகளில் சொல்லிவைத்தால் ஒரு வகுப்புக்கு வேண்டியது சேர்ந்துவிடும். மாப்பிள்ளை பெயர் இருக்கும் பக்கத்தைக் குழந்தைகள் எழுத்துக்கூட்டிப் படிப்பது கூடுதல் ஆதாயம்.

எல்லைப்புறப் பள்ளிக்கு அட்டை தயாரிப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. படத்துக்குக் கீழே சொல்லை எழுதிவிட்ட அட்டை, தமிழ் தெரிந்த பிள்ளைக்கு மட்டுமே பேசும். மாங்காய்ப் படம் மட்டும் இருக்கும் அட்டையைக் காட்டினால் ஒரு பிள்ளை மாமிடிக்காய என்கிறது, ஒன்று மாவினகாயி என்கிறது, புதிதாக வந்த ஒடியாப் பிள்ளை ஆம்ப என்கிறது. அதன்பின் ஆசிரியர் மாங்காய் என்று பலகையில் எழுதும்போது அச்சொல் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்த ஒன்றின் இன்னொரு பெயராக வந்து அமர்கிறது. ஆகவே சொல்லைத் தனி அட்டையில் எழுதிப் படத்தோடு பொருத்தச் சொல்வதே இங்கு ஏற்ற முறை. எண்ணுவதற்குப் பிளாஸ்டிக் காய்கள் வாங்குவது இவ்வட்டாரத்தில் தேவையற்ற செலவு. புளி தட்டும் காலத்தில் கொட்டை படி படியாகக் கிடைக்கிறது. ஒரு பக்கத்தை வெள்ளை தெரியும்வரை தரையில் உரசினால் அதுவே தாயக்கட்டைக்கு ஈடாகிக் கூட்டல் விளையாட்டுக்கு உதவும். ஒன்றாம் வகுப்பில் மட்டும் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்க வேண்டும். மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்ளும் வயது அது.

பென்சில் தனி அத்தியாயம். ஜூனில் ஆளுக்கொரு பென்சில் வாங்கிக் கொடுக்கும் ஆசிரியர் ஜூலையில் மறுபடி வாங்குகிறார், ஆகஸ்டில் கோபப்படுகிறார். வகுப்பின் பொதுச் சொத்தாக ஒரு டப்பாவில் வைத்து, காலையில் எடுத்து மாலையில் திரும்ப வைக்கும் வழக்கம் வந்த வகுப்புகளில் அந்தச் செலவு பாதிக்கு மேல் குறைவதைக் காணலாம். 2025 செப்டம்பர் 22 முதல் பென்சில், அழிப்பான், ஷார்ப்னர், பயிற்சி நோட்டு, கிரேயான், வரைபடம் ஆகியவற்றின் மீதான சரக்கு சேவை வரி நீக்கப்பட்டிருப்பது சிறு ஆறுதல்.

தொழிற்சாலைகள் சூழ்ந்த பகுதியில் ஆசிரியர் ஏன் தம் காசைப் போட வேண்டும் என்பதும் கேட்கப்படுவதுண்டு. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. 2022 டிசம்பர் 19 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டம் அத்தகைய உதவியைப் பள்ளிகளுக்குத் திருப்புவதற்கானது; ஓசூரில் ஆலை கொண்ட டி.வி.எஸ். மோட்டார் நிறுவனத்தின் வேணு சீனிவாசன் அதன் தலைவராக அறிவிக்கப்பட்டார். பொதுவாக இவ்வழியில் வகுப்பறை, கழிப்பறை, மேசை, திறன் பலகை போன்ற, திறப்பு விழாவும் பெயர்ப்பலகையும் வைக்கத்தக்க பெரும்பொருள்கள் எளிதில் கிடைக்கின்றன, பசைப்புட்டி கிடைப்பதில்லை. பசைப்புட்டிக்குப் பெயர்ப்பலகை வைக்க முடியாது என்பதே காரணம். தனித்தனியாகப் பசை, தாள், பிரிண்டர் மை என்று கேட்காமல், 'ஒரு வகுப்புக்கு ஓராண்டுப் பெட்டி' என்று அளவும் எண்ணிக்கையும் இட்டுப் பட்டியலாக்கி, பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானத்தோடு தலைமை ஆசிரியர் கையெழுத்தில், நிதியாண்டின் தொடக்கமாகிய ஏப்ரலிலேயே கேட்பது பலனளிக்கும். ஜூனில் கேட்டால் அவ்வாண்டின் திட்டம் வேறு எதற்கோ முடிந்திருக்கும்.

அமெரிக்காவில் இதே பழக்கம் எண்களால் அளக்கப்பட்டிருக்கிறது. அந்நாட்டின் கல்விப் புள்ளிவிவர மையம் 2014-15 கல்வியாண்டைப் பற்றி நடத்திய ஆய்வில், பொதுப்பள்ளி ஆசிரியர்களில் 94 சதவீதத்தினர் சொந்தப் பணத்தைச் செலவிட்டதும், அவர்களின் சராசரிச் செலவு 479 டாலர் என்பதும் தெரியவந்தன. 2002 முதல் அங்கு ஆசிரியர் இச்செலவில் 250 டாலர் வரை வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம்; 2022-இல் அது 300 டாலர் ஆயிற்று. இந்தியாவில் சம்பளக்காரர் அனைவருக்கும் பொதுவான நிலைக்கழிவைத் தவிர ஆசிரியரின் வகுப்பறைச் செலவுக்கென்று தனிக்கழிவு கிடையாது. அமெரிக்கக் கழிவுத் தொகை பெரிதன்று; ஆனால் கழிவு கேட்கும்பொருட்டாவது அங்கு ரசீது சேர்க்கப்படுகிறது, ரசீது சேர்வதால் எண் பிறக்கிறது.

தமிழ்நாட்டிலும் கொடை எண்ணப்பட்ட காலம் ஒன்று உண்டு. காமராசர் முதல்வராகவும் நெ. து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராகவும் இருந்தபோது 1958 முதல் ஊர் ஊராக நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில், பள்ளிக்கு என்ன தேவை என்ற பட்டியல் முதலில் தயாரிக்கப்பட்டது; ஊரார் நிலம், கட்டடம், நாற்காலி, கடிகாரம், வரைபடம் என்று கொடுத்தவை மேடையில் அறிவிக்கப்பட்டன. தேவையும் கொடையும் அருகருகே எழுதப்பட்டதே அம்மாநாடுகளின் நுட்பம். ஆசிரியரின் கைக்காசு இதற்கு நேர்மாறானது. சத்தமில்லாமல் போடப்படும் பணம் தேவையையும் சேர்த்தே மறைத்துவிடுகிறது. ஆய்வுக்கு வரும் அலுவலர் அழகான வகுப்பறையைக் கண்டு, இருக்கும் மானியமே போதுகிறது என்று முடிவு செய்தால் அவரைக் குறைசொல்ல முடியாது.

இந்த அமைதியால் அதிகம் பாதிக்கப்படுவோர் தொகுப்பூதியத்தில் பணியாற்றும் தற்காலிக ஆசிரியர்கள். பக்கத்து வகுப்பின் சுவர் வண்ணமயமாக இருக்கும்போது தம் வகுப்பு வெறுமையாக இருப்பதைப் பொறுக்காமல், நிரந்தர ஆசிரியரின் சம்பளத்தில் ஒரு சிறு பங்கே பெறும் அவர்களும் சமமாகச் செலவு செய்கிறார்கள். சம்பளத்துக்கேற்பப் பங்கு வைத்து, ஒரே பொதுப்பெட்டியிலிருந்து எல்லா வகுப்புக்கும் பொருள் எடுத்துக்கொள்ளும் பள்ளிகளில் இச்சங்கடம் எழுவதில்லை. திறப்பு நாளன்று கட்டும் பலூனுக்கும் அடிக்கும் பிளெக்ஸுக்கும் அப்பெட்டியிலிருந்து காசு எடுப்பதில்லை என்று முன்னதாகவே பேசிவைத்துக்கொள்வதும் விவேகம்.

கைக்காசை இப்படி மறையவிடாமல் எழுதிவைப்பதற்கு நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும்: பொருள், தொகை, எதற்காக, எத்தனை நாள் வந்தது என்ற நான்கு பத்திகள். இறுதிப் பத்திதான் அடுத்த ஆண்டுக்கு வழிகாட்டுவது. மூன்று நாளில் கிழிந்த சார்ட்டும் மூன்று ஆண்டு வந்த கயிறும் கிளிப்பும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். ஆண்டிறுதியில் அதன் கூட்டுத்தொகையைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் படித்து, தீர்மானப் பதிவேட்டில் ஏற்றி, சட்டப்படி குழு தயாரிக்க வேண்டிய பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தில் அதே தொகையைத் தேவையாகக் காட்ட வேண்டும். பணம் அதனால் உடனே வந்துவிடாது. ஆனால் மாறுதல் கலந்தாய்வில் அந்த ஆசிரியர் வேறு ஊருக்குப் போனால், அடுத்து வருபவருக்கு எது பள்ளியின் பொருள், எது சொந்தமாக வாங்கி விட்டுச் சென்றது என்பது தெரியும்.

மே மாதத்தைச் சொல்லாமல் ஜூன் கணக்கு முடியாது. ஜூனில் வாங்கப்படுவனவற்றில் கணிசமான பங்கு, பூட்டிய வகுப்பறையில் கோடை விடுமுறையின்போது கரையானும் எலியும் அழித்ததற்கு மாற்று. ஏப்ரல் கடைசி வேலை நாளில் சார்ட்டுகளைச் சுருட்டிப் பழைய சேலைத்துணியில் கட்டி, சுவரைத் தொடாமல் உத்தரத்துக் கம்பியில் தொங்கவிட வேண்டும். அட்டைகளை மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியிலோ தகர டின்னிலோ காய்ந்த வேப்பிலையோடு போட்டு மேசைமேல் வைக்க வேண்டும், தரையில் வைக்கக் கூடாது. பசைப்புட்டியின் வாயைத் துடைத்து, மூடிக்கடியில் சிறு பாலிதீன் துண்டு வைத்து இறுக்கினால் ஜூனில் திறக்கும்போது அது கல்லாகியிருக்காது. புளியங்கொட்டையை மட்டும் விட்டுவைக்க வேண்டியதில்லை. வண்டு விழுந்துவிடும், புதிது கிடைக்கும்.